நாலு கோப்பை ஊலோங்

நண்பரே,

இன்று காலை கிடங்கின் சுவைக்கும் அறையில், முதலாளி பக்கத்தில் நிற்க, இரும்புத் தேவி என்ற சீன ஊலோங் தேநீர்க் கோப்பைக்குள் அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயதுக்காரன்! மூடியைத் திறந்ததும் எழுந்த ஓர்க்கிட் பூ மணம் செய்த வேலை. சமாளிப்பதற்காக அதையே உறிஞ்சி, "மெல்லிய கடலுப்புத் தெரிகிறது" என்றேன். மனிதர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

நீர் போய் இரண்டு மாதம். இருந்திருந்தால் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரித்திருப்பீர்.

எழுபத்தைந்தாம் ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், செவன் ஹில்ஸில் இந்தக் கிடங்கு வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு பொய்யால். அதை நான் சொல்லவில்லை, மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். "சிலோனா? அப்படியானால் தேயிலை தெரிந்திருக்குமே" என்றார் முதலாளி. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நான் தலையாட்டினேன். மூன்று மாதத் தவணை. அதன் முடிவில், சீன உணவகங்களுக்குப் போகும் நாலு வகை ஊலோங்கை இலையைப் பார்க்காமல் குடித்துச் சொல்ல வேண்டும். தவறினால் வேலை இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருந்து பென்டில் ஹில் வீட்டுக்கு வந்து இறங்கி அப்போது ஒரு கிழமை.

முதல் நாளே நான் ஊலோங்குக்குப் பால் ஊற்றுவதை, பொதி கட்டும் மேசையிலிருந்து நீர் பார்த்துவிட்டீர்.

"அண்ணே, உங்கள சிலோன்காரர்னு சொன்னாங்க?"

"ஓம். ஏன்?"

"இந்தத் தேத்தண்ணிக்கு யாரும் பால் ஊத்தமாட்டாங்க லா. தேயிலைத் தோட்டத்துப் பக்கமாச்சும் போயிருக்கீங்களா?"

"ஒருக்கா ரயிலிலை போனனான். நித்திரையாப் போனன்."

காட்டிக் கொடுத்திருந்தால் என் கதிரை உமக்கு. நீரோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் எனக்குத் தந்தீர். பினாங்கில் உம் அப்பாவின் மளிகைக் கடைக்கு அடுத்தது ஒரு சீனரின் தேயிலைக் கடையாம், எல்லாம் அங்கே பொறுக்கியதாம். பரீட்சைக்குச் சைகைகள் வகுத்தீர். மூக்கைத் தொட்டால் ஃபூஜியானின் இரும்புத் தேவி. சுவரைத் தட்டினால் வூயி மலையின் பாறை இடுக்கில் வளர்ந்தது: நனைந்த கல்லும் கருகிய சீனியும். உச்சந்தலையில் கைவைத்தால் தைவானின் டோங் டிங் மலை: வறுத்த கச்சான் கடலை, பின்னால் ஒரு தித்திப்பு. கையில் நுளம்பு அடித்தால் கீழைத்தேய அழகி, அதுவும் தைவான்தான். பூச்சி கடித்த இலையில்தான் அந்தத் தேன் மணம் ஊறும் என்றீர்.

"அதைப் பூச்சி கடிச்சா விலை ஏறுது. நம்மளக் கடிச்சா எவன் வாங்குறான், அண்ணே?"

பரீட்சையன்று முதலாளி தானே தண்ணீர் கொதிக்கவைத்து, உம்மை வெளியே அனுப்பிவிட்டார். முதல் கோப்பையைக் கையில் எடுத்தேன். "அவசரப்படாதீங்க. விழுங்கிட்டு மூச்ச வெளிய விடும்போதுதான் மணம் வரும்" என்று நீர் சொன்னது ஞாபகம் வந்தது. விட்டேன். மழை நின்ற பின் கல்லில் எழும் மணம் வந்தது! பிறகு தேன். பிறகு கச்சான். கடைசியில் பூ. நாலும் சரி.

அப்போதுதான் யன்னலைப் பார்த்தேன். எந்தக் கோப்பை என்று தெரியாமல், முற்றத்தில் நின்று நீர் மூக்கைத் தொட்டு, சுவரைத் தட்டி, தலையில் கைவைத்து, நுளம்பு அடித்து, மறுபடியும் மூக்கிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தீர். லொறிச் சாரதி ஒருவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு வருடமாக அதே அறை, அதே கதிரை. எந்தக் கோப்பையை எடுத்தாலும் முதலில் உம்முடைய சொல் வருகிறது, அதற்குப் பின்னால்தான் மணம் வருகிறது. என் மூக்கு நீர் தந்தது.

உம்முடைய பதினாறாம் நாளன்று இதையே உம் மனைவியிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"அவருக்கா? சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுலேர்ந்து அவருக்கு மணமே தெரியாது, அண்ணே. இலையோட சுருளப் பார்த்துத்தான் பேரு சொல்வாரு. அடுப்புல சோறு தீஞ்சாக்கூட நான்தான் ஓடணும் லா."