தேயில மாத்திர

நாயகி,

கண்டிக்கு கிளினிக் போறேன். கூட வருவேன்னு நீ அடம்புடிப்பேன்னுதான், நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போன பொறகு கெளம்புறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன், பூன கவனம்.

ஒந்தம்பி ஜெரோஷன் கட்டார்லருந்து அனுப்புன மாத்திர போத்தலத் தேடாத, நான் எடுத்துட்டுப் போறேன். உள்ள இருக்கறது பச்சத் தேயில சாறுதான். காலம்பூரா பெக்டரியில தேயிலத் தூசி முழுங்குனவனுக்கு நோய்க்கு நல்லதுன்னு தேயிலயவே அடைச்சு அனுப்பியிருக்கான். நீ அழுததுக்காகக் குடிச்சேன். அதாலயோ என்னவோ, இப்ப ரத்த டெஸ்ட்ல ஈரல் சரியில்லன்னு வந்திருக்கு. ஈரல் கெட்டா டொக்டர் குடுக்கற மாத்திரயவும் நிப்பாட்டிருவாங்க.

புரோஸ்டேட் கேன்சர் எலும்பு வரைக்கும் போயிருச்சுதான். அது வளர்ற வழிய அடைக்கறது டொக்டரோட மாத்திரதான். அத நான் விட மாட்டேன். தேயில மாத்திர வேணாம்னு அவரு சொன்னா போத்தல அங்கயே வீசிட்டு வருவேன். ஒந்தம்பி கோவிச்சாலும் சரி, நீ மூஞ்சத் தூக்கினாலும் சரி.

றோலண்ட்

டொக்டரு வழிய அடைச்சது நோய்க்குத்தான், எனக்கில்ல. கடைசி பஸ்ஸுக்கு வந்துருவேன்.

நீ ஊத்தி வச்ச தேத்தண்ணிய குடிச்சிட்டேன். அத மட்டும் எந்த டொக்டர் சொன்னாலும் நிப்பாட்ட மாட்டேன்.