பத்தாவது துளை

மச்சான்,

நீ கண்மூடிய பிறகு முதல் தடவையாக நேற்று உன் மகள் வந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்தாள். "டடியிட அலுமாரிக்குள்ள கிடந்தது மாமா. இது உங்களுக்குத்தான் சேரணும்" என்றாள். மூடியைத் திறந்தேன். முதிரை மர வாசம் எழுந்து, வாவியைக் கடந்து, பழுகாமத்துத் தெருக்களில் ஒன்றையும் விடாமல் நுழைந்து, உன்னிச்சைக் குளக்கட்டில் ஏறி நின்று தும்மியது. சரி, சிரிக்காதே. என் மூக்குவரை வந்தது, அவ்வளவுதான்.

உள்ளே நீ செய்த பலகை. பத்துத் துளைகள், அவற்றில் செருக ஒன்பது முளைகள்.

"ஒரு முளை துலைஞ்சு போச்சுதோ மாமா?" என்று கேட்டாள். "பொறு மகள், ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருக்கும் நான், தவணை கேட்டேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, கல்லடியில் உன் வீட்டோடு உன் பெண்சாதி ரோசலினும் போனாள். கண்டெடுத்து அவசரமாக அடக்கம் செய்தோம். ஒரு பலகைத் துண்டில் யாரோ பெயின்டால் அவள் பெயரை எழுதி நட்டார்கள். அடுத்த மாரியிலேயே பெயர் பாதி அழிந்துவிட்டது. ஊரில் பாதிக் கதவுகளும், கோயில் பீடமும் உன் உளி பட்டவை. உனக்கு ஒரு சிலுவை பெரிய வேலையா? சிலுவைக்கென்று முதிரை மரச் சட்டம் வாங்கி வைத்தாய். ஆனால் இரண்டு வருடம் அதைத் தொட உனக்கு மனம் வரவில்லை. மனம் வந்தபோது கை வரவில்லை. வலது கை, காற்றில் வாழையிலை போல ஆடியது. நடுக்குவாதம் என்றார்கள்.

"நான் வேற ஆளைப் பிடிச்சுத் தாறன்" என்றேன்.

"என்ட பெண்சாதிட பேரை என்ட கைதான் வெட்டும்" என்றாய்.

அதனால்தான் நமது கொழும்புப் படையெடுப்பு தொடங்கியது. நானே சேனாதிபதி, நானே சோற்றுப் பார்சல் தூக்கி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்தொன்றைப் பரிசோதித்தார்கள். அங்கிருந்த டொக்டர் பிள்ளை நமக்குப் பொறுமையாக விளக்கினாள். "இது வளர்ச்சிக் காரணி ஐயா. மூளையில வாடுற நரம்புகளைத் தழைக்க வைக்குமோ, உடல் அசைவும் புதுசாப் படிக்கிற திறனும் திரும்புமோ எண்டு பார்க்கிறம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது."

"விளங்கிற்று டொக்டர். மூளைக்கு யூரியா" என்றேன். வட்டையில் நெல் விதைக்கிறவனுக்கு வேறெப்படி விளங்கும்?

ஒவ்வொரு பயணத்திலும் ஊசி, பிறகு சோதனை. கோட்டில் நடக்க வேண்டும். பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழாவது சொல்லான 'யானை'யில் நீ தடுமாற, நான் டொக்டருக்குப் பின்னால் நின்று கையால் தும்பிக்கை காட்டினேன். அன்றிலிருந்து எனக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். கடைசியில் ஒரு பலகை, ஒன்பது துளைகள், ஒன்பது முளைகள். டொக்டர் விநாடி எண்ணுவாள், நீ ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். வீட்டில் இதைப் பழகக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

ஒரு தச்சனிடம் ஒரு பலகையைக் காட்டிவிட்டு, அதைச் செய்யாதே என்று யாராவது சொல்வார்களா? திரும்பும் வழியில், வெலிக்கந்தையில் ஆமிக்காரர் பஸ்ஸை விட்டு எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்த வரிசையில், பஸ் டிக்கட்டின் பின்பக்கம் என்னை அளவு குறிக்கச் சொன்னாய். வீட்டில் பழகும் யோசனை என்னுடையது, கண்ணளவு உன்னுடையது. மரம் அறுக்கும் வாளைப் பிடித்தது உன் மகள். துளைகளை மட்டும் நீ யாருக்கும் விடவில்லை. இடக்கையால் வலக்கையை அமுக்கிப் பிடித்து நீயே போட்டாய்.

பிறகு தினமும் காலையில் பழக்கம். தினக் குறிப்புக்கென்று டொக்டர் தந்த கொப்பியில் நான் எழுதினேன்: "இன்று மயில் போல் நடந்தார்." நான் எழுதிய பொய்களை அடுக்கினால் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் போடலாம்.

மூன்று பயணம் கழித்து, டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி எனக்கு வாசலில் இருந்தே தெரிந்தது. நீ வெற்றிவீரனாக வெளியே வந்தாய்.

வெளியே கிடந்த வாங்கில் ஏறாவூர்க்காரர் ஒருவர் தன் உம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அவவின் இரண்டு கைகளும் முந்தானைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. "அண்ணன், உங்கட கை சுகமாகுதாமே" என்றார் அவர். "அந்த மருந்து எல்லாருக்கும் வாறவரைக்கும் உம்மா தாங்குவாவா, சொல்லுங்க."

நீ அவவின் முந்தானையையே பார்த்தாய். பிறகு கிறுகித் திரும்பி டொக்டரின் கதவை நோக்கி நடந்தாய். நான் உன் சட்டையைப் பிடித்தேன்.

"மச்சான், வாய மூடு. வெளிய போட்டுருவாங்க. மறுகா ரோசலின்ட பேர் என்னாகும்?"

"பொய்க் கையால அவள்ட பேரை வெட்டச் சொல்லுறியாடா?"

எல்லாவற்றையும் சொன்னாய். டிக்கட், முதிரைப் பலகை, மயில் நடை. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள். "இதை நான் எழுதத்தான் வேணும் ஐயா. உங்கட கைச் சோதனை இனிக் கணக்கில சேராது" என்றாள். ஊசியை மட்டும் கடைசிவரை போட்டார்கள்.

பரிசோதனை எல்லாம் முடிந்து, யாருக்கு எது என்று உறையைப் பிரித்துச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? உனக்கு ஏறியது உப்புத்தண்ணி. ஒரு சொட்டுக்கூட மருந்தில்லை. ஆஸ்பத்திரிக் கூரையைப் பிய்த்து எறிய நான் எழும்பினேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "உப்புத்தண்ணி என்னை விடாது போல."

பிறகு டொக்டரைக் கேட்டாய். "அப்ப அந்த ஒன்பது முளையையும் போட்டது ஆர்?"

"உங்கட கைதான் ஐயா. பழகப் பழகப் படிச்சிருக்கு. அதைப் பார்த்து மருந்து எண்டு நாங்க ஏமாறக் கூடாது எண்டுதான் பழக வேண்டாம் எண்டனான். இனி நீங்க எவ்வளவும் பழகலாம்."

வீட்டுக்கு வந்ததும் அந்த முதிரைச் சட்டத்தை எடுத்தாய். முளைகளைப் பழகியது போலவே ஒவ்வொரு கீறலையும் கழிவுப் பலகையில் நூறு தரம் பழகி, பிறகு சிலுவையில் ஒரு தரம். 'ரோ' முடிய ஒரு மாதம். 'ச'வின் வால் சற்றே கோணிவிட்டது. "அவளும் நேரா நிக்கிறவள் இல்ல" என்றாய். உன் நடுக்கம் நிற்கவில்லை, கூடிக்கொண்டுதான் போனது. கை அதற்குள்ளே வழி தேடிக்கொண்டது.

யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்ன கிழமை, 'ன்' எழுத்துக்குப் புள்ளி மட்டும் மிச்சம். வெளியே வெடி கொளுத்தினார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். நீ துளையிடும் துறப்பணத்தை எடுத்தாய். வழுக்கினால் எழுத்தே பிளந்துவிடும். முதலில் இந்த முளைப் பலகையின் மூலையில் ஒரு துளை போட்டுப் பார்த்தாய். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலுவையில்.

"ஆகவே மகளே, முளை துலையவில்லை. பத்தாவது துளைக்கு முளையே கிடையாது. அது உன் அம்மாவின் பெயரின் கடைசிப் புள்ளி." நாளைக்கு உன் மகளிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இன்று காலை முற்றத்தில் உட்கார்ந்து ஒன்பது முளைகளையும் நான் செருகிப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளிடம் பத்தே விநாடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என்று சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன் மச்சான். நாற்பத்தொரு விநாடி, உன் நடுங்கும் கை எடுத்ததைவிட அதிகம். இரண்டு முளைகள் கீழே விழுந்தன.