ஜுரம் இல்லாத உடம்பு

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

பேனா பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

சிறுநீரில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்து, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டதாம். எனக்கு எதுவும் நினைவில்லை. எல்லாம் உன் அத்தை சொன்னதுதான். நான் உளறுகிறேன் என்று அவள் போனில் சொன்னதும், "கையைத் தொட்டுப் பாருங்க அத்தை" என்றாயாம். "சில்லுனுதாம்மா இருக்கு, ஜுரம் இல்ல" என்று அவள் நிம்மதியாகச் சொல்ல, "ஜுரம் இல்லாததுதான் பயமா இருக்கு, இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாயாம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

எலிகளுக்கு நோயை ஏற்றி ஆராய்ச்சி செய்கிறவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் நான். எனக்காகவா கத்தினாய்? அந்தச் சில்லிப்பு உனக்கு எப்படித் தெரிந்தது?

நன்றியுடன்,
மாமா

பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உங்கள் பிள்ளை பிடுங்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துப் படித்தார். கண் சிவந்து வெளியே வந்தார். சோப்பு பட்டுவிட்டதாம்.

எனக்காகவா என்று கேட்கலாமா மாமா? வேறு யாருக்காகக் கத்துவேன்?

எலிகளிடம் பார்த்துத்தான் தெரியும். கிருமி ரத்தத்தில் பரவினால் அவற்றின் உடம்பு குளிர்ந்துவிடும். வயதான மனிதர்களில் சிலருக்கும் அப்படித்தான். ஆனால் உங்களைக் காப்பாற்றியது நாங்கள் எலிகளிடம் சோதிக்கும் மருந்து இல்லை. இளம் எலிகளைப் பிழைக்கவைத்த மருந்துகள் பல, மனிதர்களிடம் தோற்றுப்போயின. அதனால் இப்போது கிழட்டு எலிகளை வைத்து, உங்களுக்கு ஏற்றியது போலவே ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றி, கூடவே புது மருந்தையும் கொடுத்துப் பார்க்கிறோம். இன்னும் கைகூடவில்லை.

அவற்றுக்கு வலியே இல்லை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். வலி மருந்து கொடுக்கிறோம். தேறாது என்று தெரிந்தால் தவிக்க விடாமல் முடித்துவிடுகிறோம். ஆனாலும் வலி உண்டு. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசத் தோன்றாது.

மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 19

அன்பு மகளே,

பூசி மெழுகாமல் எழுதினாயே, அதற்குத்தான் பெரிய நன்றி. வலியே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பாரமெல்லாம் உனக்கு, பலன் எனக்கு. இது தெரியாமல் இத்தனை காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருகிறோம். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். காரமும் ஆகாது என்று உன் அத்தை தானாகவே சேர்த்துக்கொண்டாள். அதைக் காதில் வாங்காதே.

உன் வேலையில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

மாமா