சுருட்டிக்கொண்டு போன பாய்

தம்பி,

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் லண்டனுக்குள்ளேயே, நோர்பரியில் இருந்து மோர்டனுக்குத் தபாலில் எழுதுகிறேன். சிரிக்காதே.

எங்கள் கெல்டிக் இசைக் குழுவின் அல்பம் வந்துவிட்டது. எல்லாப் பாட்டிலும் உன் வயலின் இருக்கிறது. மூன்றாவதில் அயோனாவின் ஸ்கொட்லாந்து மெட்டுக்குள் நீ மோகனத்தோடு நுழைகிறாயே, மேடையில் அந்த இடத்தில் இப்போது என் மிருதங்கம் மட்டும் தனியே கேட்கிறது. அயோனா தன் பிடிலில் அதை வாசிக்க மாட்டாளாம். "அது அவனுடையது" என்கிறாள்.

இந்தக் கச்சேரிப் பயணத்துக்கு முந்திய ஒத்திகையில் நான் உனக்கு என்ன சொன்னேன் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. தமிழில்தானே கத்தினேன். "எல்லாரும் நிண்டு வாசிக்கினம். நானே மிருதங்கத்தை ஸ்டாண்டில ஏத்திப்போட்டன். நீ மட்டும் பாயில இருந்தா வடிவாவே கிடக்கு? எழும்பு!" வயலினின் தலையைக் காலில் ஊன்றாவிட்டால் உனக்கு விரல் ஓடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கிளாஸ்கோ, லீட்ஸ், கார்டிஃப், எங்கே போனாலும் அயோனா உன் மைக்கைத் தரையோடு தாழ்த்தி வைக்கிறாள். "வருவானா?" என்று கேட்கிறாள். ஓம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசுகிறது.

சனிக்கிழமை லண்டனில் கடைசி மேடை. சவுண்ட் செக் நாலு மணிக்கு.

ஸ்டாண்டைக் கார்டிஃபிலேயே விட்டுவிட்டேன். இப்போது நானும் கீழேதான் இருந்து வாசிக்கிறேன், வெறும் பலகையில். வரும்போது பாயை எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா