தட்டிக்கு அந்தப் பக்கத்து இருமல்

1968, ஆடி மாதம், ஞாயிறு இரவு.

பக்கத்து வீட்டு முனுசாமி மாமா இன்று காலை ரயிலில் பெங்களூர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அறுபது தாண்டியவர்களை மட்டும் சேர்க்கும் இடம். "பெத்த புள்ள இருக்கிறப்போ அங்க எதுக்கு?" என்று போன வருஷம் அவர் இந்தப் பேச்சை எடுத்தபோது எங்கள் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகள் முழுக்கக் காறித் துப்பின. மருமகள்தான் விரட்டுகிறாள் என்று கண், காது, மூக்கு வைத்துக் கதை பரப்பியவன் நான்தான். இந்த வாய்க்கு வேறென்ன வேலை? அந்தப் பெண்தான் இன்று மாரிகுப்பம் ஸ்டேஷனில் குமுறிக் குமுறி அழுதாள்.

புது வேட்டியில் நின்ற மாமாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். "இன்னா மாமா, மறுபடியும் மாப்பிள்ளை கோலமா?"

"அட போப்பா! சுரங்கத்துத் தூசு நெஞ்சுல உக்காந்துகினு ராத்திரி பகலா இருமுறேன். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற பையனைத் தூங்க விடறதில்ல. தூக்கக் கண்ணோட கேஜு லிப்டுல சுரங்கத்துக்குள்ள இறங்குறான், பயமா இருக்குது. அங்க எல்லாருமே இருமுவாங்க. யாரு யாரை எழுப்புறது?"

அவர் டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டேன். போன வருஷம் துப்பிய இரண்டு கிழவர்கள் ஜன்னலருகே போய், "கட்டில் காலியா இருந்தா சொல்லி அனுப்பு" என்று கிசுகிசுத்தார்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான் சுவர். அவர் இருமலைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகிய எனக்கு இன்று தூக்கம் பிடிக்கவில்லை.

சற்று முன் இருமல் கேட்டது. மாமா திரும்பி வந்துவிட்டார் என்று பாயிலிருந்து துள்ளி எழுந்தேன்.

இருமியது அவர் மகன். அங்கே சேர அவனுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறதே.