டீக்கடை பாயிடமும் சொல்லிவிட்டேன்

ஜெனிஃபா அப்பாவுக்கு,

டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். உங்கள் வயிற்றுவலியை இனி மாத்திரையால் ஏமாற்ற முடியாது. இன்று எண்டோஸ்கோப்பி முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. போன தடவை ஆஸ்பத்திரி வாசலில் வேண்டுமென்றே டீ குடித்துவிட்டு, "மறந்து போய்ட்டேன்" என்று தப்பித்தீர்கள். இந்தத் தடவை டீக்கடை பாயிடமும் சொல்லிவிட்டேன், கெஞ்சினாலும் தரமாட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை எதிர்வீட்டு பாக்யலட்சுமியிடம் கொடுங்கள்.

தொண்டையில் மருந்து அடிப்பார்கள், மரத்துப்போகும். குழாய் உள்ளே போகும்போது தலைமாட்டில் நான்தான் நிற்பேன். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். என் கையை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

கேத்தரின்

பி.கு.: "எல்லா பேஷண்டுக்கும் தைரியம் சொல்ற, என்னாண்ட மட்டும் கத்துற" என்று நேற்று கேட்டீர்களே. அவர்களை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.