பனி வரைந்த கிளைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

பருவத்துக்குப் பருவம் நான் வரைந்துவரும் ஏரிக்கரை மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. நேற்றுக் காலை பனியில் உட்கார்ந்து, முதலில் வானத்துக்கு நீலம் பூசினேன். மரத்தை வரையத் தூரிகையை எடுப்பதற்குள், பூசிய ஈரம் தாளிலேயே உறைந்து, தானாகக் கிளை கிளையாகப் பிரிந்துவிட்டது! இத்தனை நாள் நான் முக்கி முக்கி வரைந்த கிளைகளைவிட அழகு. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அறைச் சூட்டில் உருகிவிடுமே என்று ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, உறைந்தபடியே காயவிட்டேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இது ரூமா, தெருவா?”

“படம் காயுதுங்க.”

“அது காயறதுக்குள்ள நீ விறைச்சுப் போயிடுவ போலிருக்கே!”

லேசான ஜலதோஷம்தான், பயப்படாதே. படம் பிழைத்துவிட்டது. குளிர் கூடினால் கிளை இன்னும் நீளுமா, நீலத்துக்குப் பதில் பழுப்பு பூசினால் வேறு மாதிரி வருமா என்று இன்றைக்கும் போய்ப் பார்க்கப்போகிறேன்.

தூரிகை துடைக்க உன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து அனுப்பு. இங்கே கிடைக்கும் துணி ஈரத்தை இழுப்பதே இல்லை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு நீ திட்டுவாய், தெரியும். ஒரு பக்கம் நிறையத் திட்டி எழுது. வீட்டுக்காரம்மா திட்டியது எனக்குப் போதவில்லை.

வெளிச்சம் போகிறது, ஓடுகிறேன்.

உன் மகள்